எழுத்துக்கு ஒரு பலகை, கட்டளைக்கு ஒரு பலகை

2010 ஜூன் 23 அன்று கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கியது. ஜூன் 27 வரை நடந்த அந்த மாநாட்டோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் அங்கேயே கூடியது. மாநாடு தொடங்கிய அதே தேதியிட்டு தமிழ்நாடு அரசு ஓர் ஆணையை வெளியிட்டது. அரசின் கணினிப் பணிகளில் தமிழுக்கு ஒருங்குறியே, அதாவது யூனிகோடே, தரம். அது ஒத்துவராத இடங்களுக்கு மட்டும் ‘டேஸ் 16’ என்ற 16 பிட் குறியாக்கம்.

அதற்கு முந்தைய நிலையை கோவையின் டிடிபி கடைகளில் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒரு கடையில் அடித்த திருமண அழைப்பிதழை இன்னொரு கடையில் திறந்தால் அங்கே அந்த எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் தெரிவது எந்த மொழியுமல்லாத குப்பை. ஒருங்குறி இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. ‘க’ என்றால் 2965, புள்ளி என்றால் 3021. எந்தக் கணினியானாலும், எந்த எழுத்துருவானாலும் எண் மாறாது. உலகில் யாரோ எழுதிய விம், ஈமேக்ஸ், லிப்ரெ ஆபிஸ், வி.எஸ். கோட் போன்ற எடிட்டர்கள் எல்லாம், தமிழுக்கென்று யாரும் தனியாக உருவாக்காமலே, தமிழும் எழுதும் கருவிகளாகிவிட்டன.

எந்த விரல் எந்த எழுத்தைத் தர வேண்டும் என்பது 1999இல் ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகையோடு முடிவானது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை கோவையில் மாநாடு தொடங்கிய அன்று அரசும் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது ஒன்று பாக்கியிருக்கிறது: கட்டளைகள். எடிட்டரில் உட்கார்ந்து எழுதுகிறவர் பாதி நேரம் எழுத்தை அடிப்பதில்லை. அழிக்கிறார், நகர்கிறார், தேடுகிறார், ஒரு வரியைத் தூக்கி இன்னோரிடத்தில் வைக்கிறார். இந்த வேலைகளுக்கான ஷார்ட்கட்டுகளும் அதே விசைகளின் மேல்தான் குடியிருக்கின்றன. அவற்றை அங்கே குடிவைத்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவர்கள், ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து. ஆகவே ஷார்ட்கட்டுகளைத் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேறு யாரையும்விடத் தமிழில் எழுதுகிறவருக்கே காரணம் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதற்கு விசை அழுத்தப்படும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஒரு விசையை அழுத்தினால் ‘இந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது’ என்று ஓர் எண்ணை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. இதை ஸ்கேன் கோடு என்பார்கள். அதை வீட்டுக் கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர் யார் என்று சொல்வது இயங்குதளத்தில் இருக்கும் விசைப்பலகை அட்டவணை. ஆங்கில அட்டவணை இயங்கும்போது ‘எச்’ விசையில் குடியிருப்பது எச். தமிழ் 99 இயங்கும்போது அதே வீட்டில் ‘க’. எடிட்டருக்கு இரண்டு செய்தியும் கிடைக்கும், எந்தக் கதவு, எந்த ஆள் என்று. ஷார்ட்கட்டை அடையாளம் காண எடிட்டர் இவ்விரண்டில் எதைப் பார்க்கிறது என்பதில்தான் நம் சிக்கலும் தீர்வும் இருக்கின்றன.

தமிழ் விசைப்பலகை இயங்கும்போதே கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அடித்துப் பாருங்கள். நகலெடுக்கும். தமிழ் 99இல் அந்த விசையில் இருப்பது ‘ஒ’. கன்ட்ரோல் + ஒ என்று ஒரு கட்டளை எங்கும் கிடையாது. விண்டோஸ் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஸ்கேன் கோடுக்கும் எழுத்துக்கும் நடுவே ‘மெய்நிகர் விசை எண்’ என்ற ஓர் அடுக்கு. தமிழ் அட்டவணைகளிலும் அந்த அடுக்கில் பழைய ஆங்கிலப் பெயர்களே விடப்பட்டிருப்பதால், கன்ட்ரோலோடு சேரும்போது சி, சி-யாகவே எண்ணப்படுகிறது. மேக்கும் லினக்ஸும் வேறு வழிகளில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகின்றன. வி.எஸ். கோட் எடிட்டரில் கதவு எண்ணைப் பார்ப்பதா, விசை எண்ணைப் பார்ப்பதா என்று நாமே தேர்ந்தெடுக்க ஓர் அமைப்பே உண்டு.

சி, வி, எக்ஸ், இசட் என்ற நான்கும் ஏன் அங்கே இருக்கின்றன? வெட்டு, நகல், ஒட்டு என்ற முறையை 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், ஜிப்சி என்ற எடிட்டருக்காக லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். பின்னர் டெஸ்லர் ஆப்பிளின் லீசா கணினிக்கு வேலை செய்தபோது இந்த நான்கு விசைகளும் அமைந்தன. எக்ஸ் என்பது அடித்துவிடும் குறி. சி, நகல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. வி, பிழைதிருத்துகிறவர்கள் ‘இங்கே சேர்’ என்று போடும் குறியைத் தலைகீழாக்கிய வடிவம். செய்ததைத் திரும்பப்பெறும் இசட் இவற்றின் பக்கத்து வீடு. ஒரு கை சுட்டியைப் பிடித்திருக்க மற்றக் கையால் நான்கையும் எட்டலாம் என்பது கூடுதல் வசதி.

நான்கில் மூன்றுக்கு எழுத்து சார்ந்த காரணம் உண்டு. ஆனால் நம் விரல்கள் அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டிருக்கவில்லை, இடத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. 2014இல் வான்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேகமாகத் தட்டச்சு செய்யக்கூடியவர்களிடம் வெறும் கட்டங்கள் வரைந்த பலகையைக் கொடுத்து 80 விநாடிக்குள் எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக ஏறக்குறைய 15 மட்டுமே சரியான கட்டத்தில் விழுந்தன. சராசரியாக நிமிடத்துக்கு 70 சொல்லுக்கு மேல், பெரும்பாலும் பிழையின்றி அடிப்பவர்களுக்கே தாங்கள் எங்கே அடிக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிவது வாய்க்குத் தெரிவதில்லை. எழுத்துகளைத் துவோரக் என்ற மாற்று ஆங்கில வரிசைக்கு மாற்றிக்கொள்பவர்களுக்காக ஆப்பிள் வைத்திருக்கும் ஒரு பலகை இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அதில் எழுத்துகள் துவோரக் வரிசையில் வரும். கமாண்ட் விசையை அழுத்திய கணத்தில் மட்டும் பலகை பழைய குவெர்ட்டி வரிசைக்குத் திரும்பிவிடும். எழுத்துக்கு ஒரு பலகை, கட்டளைக்கு ஒரு பலகை. தமிழில் எழுதுகிறவர் நாள்தோறும் இருப்பதும் இந்த நிலையில்தான்.

நம் எழுத்துப் பலகை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது இயந்திரத்தின் எல்லைக்குள் நிற்க வேண்டியிருந்தது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் விசை வைக்க இடமில்லை. எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தார். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. புள்ளி போன்ற குறிகளை அடித்தால் தாள் நகராமல் அங்கேயே நிற்கும்படி ‘நகரா விசை’ வைத்தார். அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும். நகரா விசைகள் நீங்கலாக, கையால் எழுதும் வரிசையே தட்டும் வரிசையும் ஆனது. ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால்.

கொங்கு ஊர்களின் கடைவீதி மாடிகளில் ‘டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்’ என்ற பலகை இன்றும் தொங்குகிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வுகளுக்கு அங்கே தமிழும் ஆங்கிலமும் பழகி, அரசுத் தட்டச்சர் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் விரலில் கொம்பு முன்னால்தான் வரும். கணினிக்கு வந்த பிறகும் தமிழ் மென்பொருள்கள் பழைய தட்டச்சுப் பலகையை ஒரு தேர்வாக வைத்திருப்பது அந்த விரல்களுக்கு மதிப்பளிப்பதால். அது சரியான மதிப்பு. பல்லாண்டுப் பழக்கத்தைத் தூக்கியெறியச் சொல்லும் உரிமை எந்த மென்பொருளுக்கும் இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலிருந்து வந்த தமிழ் 99 பலகை வேறு வழியில் யோசித்தது. எழுத்தின் வடிவத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தது. உயிர் பெரும்பாலும் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. விரல்கள் ஓய்வெடுக்கும் நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. அ-வுக்கு மேலேயே ஆ, இ-க்கு மேலேயே ஈ, உ-வுக்கு மேலேயே ஊ. உயிர்மெய் எழுத்தென்றால் வலக்கை மெய்யைத் தர, இடக்கை உயிரைத் தரும். இரு கைகளும் மாறி மாறி அடிக்கும்போது ஒரு கை அடிக்கையில் மற்றது அடுத்த விசைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரே கையால் தொடர்ந்து அடிப்பதைவிட இது வேகமானது என்பதைத் தட்டச்சு ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. தமிழின் அசை அமைப்பே கைகளை மாற்றிப்போடுகிறது.

அதைவிட அழகானது தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி விழும். க, க என்றால் ‘க்க’. மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ங-வும் க-வும் ‘ங்க’, ந-வும் த-வும் ‘ந்த’, ன-வும் ற-வும் ‘ன்ற’. ‘கொங்கு’ என்ற சொல்லுக்கு க, ஒ, ங, க, உ என்று ஐந்து தட்டல் போதும். ஒருங்குறியில் அந்தச் சொல் ஆறு குறிகளால் ஆனது. ‘பொள்ளாச்சி’க்கு எட்டுத் தட்டல். குறிக்கு ஒரு விசை என்று கேட்கும் இன்ஸ்கிரிப்ட் பலகையில் அதற்குப் பத்து. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ஓர் ‘அ’ தட்ட வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரகம் ரகமாக வெளியிட்ட ‘பப்பாளி’யை அடிக்க ப, அ, ப, ப, ஆ, ள, இ.

இந்த விதியை எடுத்துப் பார்த்தால் அதுவே ஒரு ஷார்ட்கட். தமிழில் எந்த எழுத்துச் சேர்க்கை அடிக்கடி வரும் என்று இலக்கணம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தது. பலகையை வடிவமைத்தவர்கள் அதைக் காதில் வாங்கினார்கள். கட்டளைகளுக்கும் இதையே கேட்க வேண்டும்: என் வேலையில் எது அடிக்கடி வருகிறது, எதன் பின்னால் எது வருகிறது?

இனி சிக்கலின் கடினமான முனைக்கு வருவோம். கன்ட்ரோல் சேர்த்த ஷார்ட்கட்டுகள் தமிழிலும் பிழைத்துக்கொள்கின்றன. விம் எடிட்டரின் கன்ட்ரோல் சேராத கட்டளைகள் பிழைக்காது. அதன் முன்னோடியான வி.ஐ. எடிட்டரை பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் எழுதத் தொடங்கினார். அவர் முன் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதில் தனி அம்பு விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. வி.ஐ. அவற்றையே நகர்வுக்கு எடுத்துக்கொண்டது. விம் முக்கியமாக இரண்டு நிலைகளில் இயங்கும். எழுதும் நிலையில் விசைகள் எழுத்துத் தரும். எஸ்கேப் அழுத்திக் கட்டளை நிலைக்கு வந்தால் அதே விசைகள் கன்ட்ரோல் துணையின்றிக் கட்டளையாகும். டி-யை இருமுறை அடித்தால் வரி அழியும், ஒய்-யை இருமுறை அடித்தால் வரி நகலாகும்.

தமிழ் 99 இயங்கிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் அழுத்தி ஒய்-யை இருமுறை தட்டினால் இயங்குதளம் விம்மிடம் என்ன கொடுக்கும்? ‘ள்ள’. புள்ளியும் தானாக விழுந்திருக்கும்! கட்டளை நிலையில் விம் பார்ப்பது ஆளை, கதவை அல்ல. ‘ள்ள’ என்றால் அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு முறையும் எஸ்கேப் அழுத்தியதும் ஆங்கிலத்துக்கு மாறி, கட்டளை கொடுத்து, மறுபடி தமிழுக்கு வந்து எழுதினால் எடிட்டரின் வேகமெல்லாம் மாறுவதிலேயே போய்விடும். தமிழ் எழுதுகிற நிரலர்கள் சிலர் விம்மைக் கைவிடுவதற்கு இது போதுமான காரணம்.

ஆனால் விம்மிலேயே மருந்து இருக்கிறது. ‘லாங்மேப்’ என்ற அமைப்பில் கட்டளை நிலையில் மட்டும் எந்த எழுத்தை எந்த ஆங்கில எழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கலாம். எச், ஜே, கே, எல் இருக்கும் நான்கு விசைகளில் தமிழ் 99 வைத்திருப்பது க, ப, ம, த. க என்றால் இடம், ப என்றால் கீழ், ம என்றால் மேல், த என்றால் வலம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆயினும் இயங்குதளத்தின் தமிழ் உள்ளீடு, அடுத்து உயிர் வருமா என்று பார்க்க மெய்யெழுத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும் இடங்களில் இது தடுமாறும். அதனால் நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. இயங்குதளத்தை எப்போதும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழை எடிட்டருக்குள் கொண்டுவருவது. விம்மில் இதற்குப் பெயர் ‘கீமேப்’. இரண்டு பத்தி கொண்ட எளிய அட்டவணைக் கோப்பு அது. இடப்பக்கம் விசை, வலப்பக்கம் எழுத்து. எழுதும் நிலை, தேடும் சொல்லை அடிப்பது போன்ற எழுத்தை உள்ளிடும் இடங்களில் மட்டுமே அது வேலை செய்யும். எஸ்கேப் அழுத்தியதும் விசைகள் கட்டளைகளாகிவிடும். மறுபடி எழுத வந்தால் தமிழ் தானாகத் திரும்பும். கன்ட்ரோலோடு ‘^’ குறியை அடித்தால் தமிழும் ஆங்கிலமும் மாறும்.

விம்மோடு டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்துக்கான அட்டவணை ஒன்று வருகிறது. ஒருங்குறித் தமிழ் 99க்கு நாமே ஒன்று எழுதிக்கொள்ளலாம். 18 மெய்யும் 12 உயிரும் பெருக்கி 216 உயிர்மெய். அத்தனை வரிகளையும் கையால் அடிக்கத் தேவையில்லை. சுழலும் நான்கைந்து வரி நிரல் அந்த அட்டவணையைத் துப்பிவிடும். தானியங்கிப் புள்ளிக்கு மேலும் சில வரிகள். கோவையில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு மாலையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது, செய்து பார்த்தால் தமிழ் எழுத்தின் அமைப்பும் கைக்கு வரும். ஈமேக்ஸ் இந்தத் தொல்லையையே தரவில்லை. அதன் உள்ளீட்டு முறைகள் எடிட்டருக்குள்ளேயே இருக்கின்றன. தமிழுக்கும் உண்டு. கன்ட்ரோல் சேர்ந்த கட்டளைகளை அவை தீண்டுவதில்லை.

வெட்டு, நகல், ஒட்டு தந்த டெஸ்லர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தது நிலைகளைத்தான். அவர் காரின் எண் பலகையிலேயே ‘நிலைகள் வேண்டாம்’ என்ற பொருளில் எழுதிவைத்திருந்தார். ஒரே விசை ஒரு நேரம் ஒன்றும் மறுநேரம் வேறொன்றும் செய்தால், மனிதர் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நினைவு தவறும். தமிழில் எழுதுகிறவர் இந்தத் தவற்றுக்குள்ளேயே வாழ்கிறார். தமிழென்று நினைத்து ஆங்கில எழுத்துகளைக் கொட்டுவதும், நிமிர்ந்து பார்த்து அழிப்பதும், மாற்றி அடிப்பதும் எத்தனை முறை! விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அடித்தால் மொழி மாறும். ஆனால் எதிலிருந்து எதற்கு என்பது இப்போது எதில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்கக் கண் திரையின் மூலைக்குப் போக வேண்டும்.

இதற்கு ஒரு மாற்றம் செய்தாலே பெரிய நிம்மதி. ஒரே விசையால் முன்னும் பின்னும் மாற்றுவதை விட்டு, தமிழுக்கு ஒரு விசை, ஆங்கிலத்துக்கு வேறு விசை என்று பிரித்துவிடுங்கள். தமிழ் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் தமிழ்தான். ஐயம் வந்தால் அழுத்திவிட்டு எழுத வேண்டியதுதான், பார்க்கவே வேண்டாம். ஆப்பிளின் ஜப்பானிய விசைப்பலகைகளில் ஸ்பேஸுக்கு இருபுறமும் இப்படி இரண்டு தனி விசைகள் இருக்கின்றன. நம்மிடமும் முன்மாதிரி உண்டு. என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருளில் ஆல்ட் + 1 தமிழ் 99க்கு, ஆல்ட் + 0 நிறுத்துவதற்கு. இப்படிப்பட்ட மென்பொருள்கள் விசையை எடிட்டருக்கு முன்பே பிடித்துக்கொள்ளும் என்பதால், ஆல்ட்டோடு எண் சேர்ந்த ஷார்ட்கட்டுகள் எடிட்டரில் இருந்தால் அவை ஊமையாகிவிடும். அங்கே எடிட்டரின் ஷார்ட்கட்டை மாற்றுங்கள், மொழி விசையை மாற்றாதீர்கள். மொழி விசை எல்லா நிரல்களுக்கும் பொது.

விசைக்கு இடம் எங்கே என்றால், கேப்ஸ் லாக். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. ஆனாலும் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், அ-வை ஒட்டி, பலகையின் விலைமதிப்பான இடத்தில் ஒரு பெரிய விசை நமக்குப் பயனே இல்லாமல் கிடக்கிறது. அன்றைய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அந்த இடத்தில் இருந்தது கன்ட்ரோல். லினக்ஸின் விசைப்பலகை அமைப்பில் கேப்ஸ் லாக் தட்டினால் முதல் பலகை, ஷிஃப்டோடு தட்டினால் இரண்டாம் பலகை என்று தரும் விருப்பம் ஏற்கெனவே உள்ளது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் கருவியில் ஏறக்குறைய எந்த விசையையும் வேறொன்றாக்கலாம். மேக்கில் கேப்ஸ் லாக்கை மொழி மாற்றியாக்க அமைப்பிலேயே இடமிருக்கிறது. தமிழில் எழுதும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மற்ற ஷார்ட்கட்டுகளில் எவை உழைப்புக்குத் தகும் என்று கணக்குப் போட 1980இல் கார்ட், மோரன், நியூவெல் என்ற மூவர் ஒரு முறை தந்தார்கள். பழகிய கைக்கு ஒரு விசை அழுத்த 0.2 விநாடி. கையை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்குக் கொண்டுபோக 0.4. சுட்டியால் ஓரிடத்தைக் குறிவைக்க 1.1. அடுத்து என்ன என்று மனம் தயாராக 1.35. பட்டியைத் திறந்து நகலெடுக்கச் சுட்டிக்குப் போய், குறிவைத்து, அழுத்தி, மீண்டும் குறிவைத்து, அழுத்தி, திரும்பி வர 3.4 விநாடி. இரண்டு விசையால் 0.4. மூன்று விநாடி மிச்சம். நாளுக்கு நூறு முறை செய்தால் ஐந்து நிமிடம். அந்தப் பட்டியலில் என்னை நிறுத்துவது கடைசி எண். யோசித்து நினைவுகூர வேண்டிய ஷார்ட்கட்டில் 1.35 விநாடி ஒவ்வொரு முறையும் செலவாகும். எனவே நாற்பது ஷார்ட்கட்டுகளை ஒரே நாளில் மாற்றுவதில் பயனில்லை. ஒன்றை மாற்றி, அது விரலுக்குள் இறங்கி யோசனை மறைந்த பிறகு அடுத்தது.

கோவை நீதிமன்றத்தைச் சுற்றியும் சார்பதிவாளர் அலுவலகங்களை ஒட்டியும் பத்திரம் அடிக்கும் கடைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி, மாமூல் வண்டித்தட பாத்தியம், சாட்சிகள் என்று பத்தி பத்தியாக அதே வாசகங்கள் திரும்ப வரும். பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றுவதே பொதுவான வழக்கம். அதில் முந்தைய சொத்தின் புல எண் ஒட்டிக்கொண்டு வரும் ஆபத்து உண்டு. லிப்ரெ ஆபிஸில் ‘ஆட்டோடெக்ஸ்ட்’ உள்ளது. சுருக்கத்தை அடித்து எஃப் 3 தட்டினால் முழு வாசகமும் வந்துவிடும், வெற்று இடங்களோடு. ஊர்ப்பெயர்களுக்கும் இது உதவும். பெரியநாயக்கன்பாளையத்துக்குத் தமிழ் 99இல் 19 தட்டல். கோவைக்காரர்கள் அதை ‘பெ.நா.பாளையம்’ என்று எப்போதோ சுருக்கிவிட்டார்கள். பத்திரத்தில் முழுப்பெயர் வேண்டும். ‘பெநா’ என்று அடித்து எஃப் 3 தட்டினால் முழுப்பெயர்.

அந்தக் கடைகளில் ஒரு கணினியில் பலர் மாறி மாறி உட்காருவார்கள் என்பது இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1970களில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்ற எடிட்டரை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி மாற்றிவைத்திருந்தார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு வரிகூட அடிக்க முடியாத நிலை. 1976இல் கை ஸ்டீல் அந்த மாற்றங்களையெல்லாம் திரட்டி ஒன்றாக்கத் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை முடித்தார். அப்படி வந்ததுதான் ஈமேக்ஸ். ஆகவே எல்லோருக்கும் பொதுவான நகல், ஒட்டு, சேமி, திரும்பப்பெறு ஆகியவற்றைத் தொடாதீர்கள். காலியாக இருக்கும் விசைகளில் உங்கள் கட்டளைகளை வையுங்கள். வி.எஸ். கோட்டில் கன்ட்ரோல் + கே, தொடர்ந்து கன்ட்ரோல் + எஸ் அடித்தால் எல்லா ஷார்ட்கட்டுகளும் பட்டியலாக விரியும். எந்த விசை காலி என்று அங்கேயே தேடலாம். மாற்றங்கள் ஒரு கோப்பில் சேரும். அந்தக் கோப்பைக் கையோடு எடுத்துப்போகலாம்.

காலி விசையில் வைக்கத்தக்க ஒரு கட்டளையைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் அது ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குத் தோன்றவே தோன்றாது. பேக்ஸ்பேஸ் பெரும்பாலான எடிட்டர்களில் ஒரு குறியை மட்டும் அழிக்கும். ‘து’ மேல் தட்டினால் உகரம் போய் ‘த’ நிற்கும். அடித்த கையோடு உயிரை மட்டும் திருத்த அது நல்ல ஏற்பாடு. டெலீட் விசையோ பெரும்பாலும் முழு எழுத்தையும் எடுக்கும். பின்னோக்கி முழு எழுத்தை அழிக்க விசை இல்லை. இடது அம்பு, பிறகு டெலீட் என்ற இரு கட்டளைகளை ஒரே விசையில் கோத்தால் அது கிடைத்துவிடும். வி.எஸ். கோட்டில் பல கட்டளைகளை ஒரு விசையில் வரிசையாக ஓடவிடும் வசதி இருக்கிறது. ஈமேக்ஸில் ஒரு சிறு மேக்ரோ போதும். ஷிஃப்ட் + பேக்ஸ்பேஸ் இதற்குப் பொருத்தமான இடம். ‘பெருந்துறை’ ஐந்து எழுத்து, பத்துக் குறி. பேக்ஸ்பேஸால் அதை அழிக்கப் பத்துத் தட்டல், இந்தப் புது விசையால் ஐந்து.